அம்பு பட்ட மானைத் தேடும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அம்பு எய்த அந்த மான் கிடைக்கவே இல்லை என்று சொன்னதிலிருந்து இதை எழுத வேண்டும் என்று இருந்தது. போனில் சொன்னால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும், எனக்கும் வரிசையாகச் சொல்ல வராது. வருகிற சனிக்கிழமை திரும்பவும் பரண் ஏறப் போகிறேன் என்றாய். ஏறுவதற்கு முன்னால் இதை முழுசாகப் படித்துவிடு.

அம்மாவுக்கு நீ வேட்டைக்குப் போவதே பிடிக்கவில்லை. நம் ஊரில் மானைத் தொட்டால் ஜெயில், 1972-ல் வந்த வனவிலங்குச் சட்டம் அப்படி, அதனால் அவளுக்கு அது திருட்டு வேலை மாதிரியே மனசில் பதிந்துவிட்டது. நீ இருக்கிற அமெரிக்காவின் விஸ்கான்சினில் லைசென்ஸ் எடுத்தால் செப்டம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை வில் வேட்டைக்கு அரசாங்கமே அனுமதி கொடுக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்டுக்கொண்டாள், சமாதானம் ஆகவில்லை. எனக்கு வேட்டையில் ஆட்சேபம் கிடையாது. வாரா வாரம் ஆட்டுக்கறி எடுக்கிற வீடு நம்முடையது. அம்பு பட்டபின் அந்த உயிர் எத்தனை மணி நேரம் வலியோடு கிடந்தது என்பதுதான் என்னைத் தூங்க விடவில்லை, அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நீ அனுப்பிய அம்பு போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தண்டு முழுக்கப் பச்சையும் பழுப்புமாக ஒரு பிசுக்கு, அதில் அரைபட்ட இலைத் துணுக்கு, ரத்தம் கொஞ்சம்தான். முகர்ந்தால் நாற்றம் அடித்தது என்றும் சொன்னாய். கால்நடைத் துறையில் வேலை பார்த்த எவனும் அதைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவான், அம்பு வயிற்றில் போயிருக்கிறது. மானும் ஆடு மாடு போல அசைபோடுகிற பிராணிதானே, உள்ளே எல்லாம் அதே அமைப்பு. முதல் வயிறு மட்டும் இடது பக்கம் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு கிடக்கும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற சவ்வு முன்பக்கமாக வளைந்திருப்பதால் கடைசி விலா எலும்புகளுக்கு உள்ளேயே ஈரலும் வயிறும் வந்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நெஞ்சு என்று தோன்றுகிற இடம் உள்ளே நெஞ்சே கிடையாது. முன்னங்காலுக்குப் பின்னால் அதிகமாகத் தள்ளிப் போனால் கதை மாறிவிடும்.

துப்பாக்கிக் குண்டு மாதிரி அம்பு அதிர்ச்சியில் கொல்லாது. முனையில் இருக்கிற பிளேடு ரத்தக் குழாய்களை அறுத்து, ரத்தம் போய்த்தான் மிருகம் சாகும். இரண்டு நுரையீரலிலும் பாய்ந்துவிட்டால் பெரும்பாலும் நூறு கஜத்துக்குள் விழுந்துவிடும், அம்பிலும் இலையிலும் இளஞ்சிவப்பாக, நுரை நுரையாக ரத்தம் இருக்கும். அப்போதும் அரை மணி நேரம் இறங்காமல் உட்கார். ரத்தம் கறுஞ்சிவப்பாக, நுரையே இல்லாமல் இருந்தால் ஈரல், அதற்கு நான்கு மணி நேரமாவது வேண்டும். உன்னுடையது போலப் பச்சை என்றால் எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் அந்தப் பக்கமே போகக்கூடாது. சாயங்காலம் அடித்தால் மறுநாள் காலைதான். அடிபட்டவுடன் மான் எப்படிப் போனது என்பதும் முக்கியம். நெஞ்சில் பட்டது பின்னங்காலை உதைத்துத் துள்ளி, தலை தெறிக்க ஓடும். வயிற்றில் பட்டது முதுகைக் கூனிக்கொண்டு மெதுவாக நடந்து போகும். நீ சொன்னது இரண்டாவது மாதிரி. கூனிக்கொண்டு போனதை நீ பார்த்திருக்கிறாய் தாயி, அதை அப்படியே நம்பியிருக்கலாம்.

ஏன் இவ்வளவு நேரம் காத்திருக்கச் சொல்கிறேன் என்றால், வயிற்றில் அடிபட்ட மான் துரத்த ஆள் இல்லையென்றால் வெகுதூரம் போகாது. பக்கத்தில் எங்காவது புதர் பார்த்துப் படுத்துக்கொள்ளும். படுத்த இடத்திலேயே உயிர் போய்விடும், காலையில் போனால் கிடைக்கும். பத்து நிமிஷத்தில் டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னால் போனால் எழுந்து ஓடும், அதன் பயம் அதை மைல் கணக்கில் இழுத்துக்கொண்டு போகும், அதற்குள் குடலோ கொழுப்போ ஓட்டையில் வந்து அடைத்துக்கொள்ள ஒரு சொட்டு ரத்தம்கூடக் கீழே விழாது. நீ கண்ட அந்த மிதிபட்ட புல், நடுவில் ரத்தம் தேங்கியிருந்த இடம், அது படுத்திருந்து எழுந்த இடம். வலியில் கிடக்கிற மிருகத்தை ஓட வைப்பது அதன் வலியை இரண்டு மடங்காக்குவது. சீக்கிரம் போய் முடித்துவிடலாம் என்கிற பரிதவிப்பு எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்தப் பரிதவிப்பு உன்னுடையது, மானுக்கு அதனால் ஒரு நன்மையும் கிடையாது. மழை வருகிறது, ராத்திரி வெப்பமாக இருக்கிறது, கயோட்டி என்கிற அந்த ஊர் நரி சுற்றுகிறது என்றால் கஷ்டம்தான், இறைச்சி கெடலாம், தடம் அழியலாம். அப்போதும் வயிற்றில் பட்டதை உடனே துரத்தாதே என்றுதான் சொல்வேன்.

தடம் பார்ப்பதை நான் ஆட்டுக்கிடை மேய்க்கிற கீதாரிகளிடம்தான் கற்றுக்கொண்டேன். சாயல்குடி, கடலாடி பக்கம் வேலையில் இருந்தபோது, நாய் கடித்த ஆடு சீமைக்கருவேலங்காட்டுக்குள் ஓடிவிட்டது என்று வந்து கூப்பிடுவார்கள். ஊசி மருந்தோடு போவேன், ஆட்டைக் கண்டுபிடித்தால்தானே ஊசி. கிடையின் பெரியவர் முதலில் எல்லோரையும் நிற்கச் சொல்லிவிடுவார். அவர் மட்டும் தடத்துக்குப் பக்கவாட்டில் நடப்பார், தடத்தின் மேல் கால் வைக்கவே மாட்டார். சூரியன் தனக்கு எதிரே இருக்கிற மாதிரி பார்த்து நிற்பார், தடத்தின் விளிம்பில் நிழல் விழுந்து மணலில் குளம்பு தெளிவாகத் தெரியும். நடந்த குளம்பு சேர்ந்திருக்கும், ஓடியது விரிந்து ஆழமாகப் பதிந்திருக்கும், நோகிற கால் லேசாகப் பதியும். வாலிநோக்கம் பக்கம் கச்சான் காற்று அடிக்கிற நாளில் மணல் தடம் கொஞ்ச நேரத்தில் மூடிப்போகும், அங்கே அவர் தரையை விட்டுவிட்டு முள்ளில் ஒட்டிய மயிரையும் செடியில் பட்ட ரத்தத்தையும் பார்ப்பார். அவசரப்பட்ட ஒரு கீதாரியை நான் பார்த்ததில்லை.

அதையே உன் காட்டில் செய். அம்பு விழுந்த இடத்தில் ஒரு அடையாளம் கட்டு, கடைசியாக மானைப் பார்த்த மரத்தில் ஒன்று, பிறகு ஒவ்வொரு ரத்தத் துளியிடமும் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பர். திரும்பிப் பார்த்தால் அது போன திசை கோடு போட்டது போலத் தெரியும். ஓடும்போது விழுந்த துளி போகிற பக்கமாக விரல் நீட்டித் தெறித்திருக்கும். தரையில் இல்லாவிட்டால் செடியின் பக்கவாட்டில் பார், எந்த உயரத்தில் பட்டிருக்கிறது என்பது காயம் எங்கே என்று சொல்லும். பரணிலிருந்து கீழ்நோக்கி எய்து, அம்பு மறுபக்கம் வராமல் உள்ளேயே நின்றுவிட்டால் ரத்தம் உள்ளேயே தேங்கும், வெளியே ஒன்றும் இருக்காது. ரத்தம் இல்லை என்பதால் மான் பிழைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. மயிரையும் எடுத்து வை, வெள்ளை மயிர் என்றால் அடிவயிறு. சிவப்பாகத் தெளிவான ரத்தம் கொஞ்ச தூரம் வந்து நின்றுபோனால் வெறும் சதையில் பட்டிருக்கும், அப்படிப்பட்டது பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

தடம் தொலைந்தால் நாய். இதை நீ யோசிக்கவே இல்லை போல. விஸ்கான்சினில் கயிறு கட்டிய நாயை வைத்துக் காயம்பட்ட மானைத் தேட அனுமதி உண்டு. யுனைடெட் பிளட் டிராக்கர்ஸ் என்று ஒரு அமைப்பு மாநிலவாரியாக நாய் வைத்திருப்பவர்களின் பட்டியல் வைத்திருக்கிறது. நாய் ரத்தத்தை மட்டும் பிடித்துப் போவதில்லை. மானின் குளம்புப் பிளவில் ஒரு சுரப்பி இருக்கிறது, அதன் வாசனை மானுக்கு மான் வேறுபடும், அதனால் மந்தை மந்தையாக மற்ற மான்கள் குறுக்கே போயிருந்தாலும் பழகிய நாய் அந்த ஒன்றையே பிடித்துப் போகும். நீங்கள் நாலு பேர் தடத்தை மிதித்துக் குழப்புவதற்கு முன்னால் கூப்பிட வேண்டும். அப்புறம், தடம் வேலி தாண்டிப் போனால் என்ன செய்வது என்பது. பக்கத்து நிலத்துக்காரரிடம் கேட்காமல் உள்ளே போகக்கூடாது, அங்கே சட்டமும் அதுதான். சனிக்கிழமைக்கு முன்னால் அவரைப் போய்ப் பார், பார்த்துப் பேசி வைத்துக்கொள்.

கிடைத்துவிட்டால் பின்பக்கமாகப் போ. செத்த மிருகத்தின் கண் திறந்திருக்கும். நீளமான குச்சியால் கண்ணின் கருவிழியைத் தொடு, சிமிட்டவில்லை என்றால் உயிர் இல்லை. மாடு மயக்கத்தில் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று நாங்களும் இப்படித்தான் பார்ப்போம். சிமிட்டினால் தாமதிக்காமல் இன்னொரு அம்பு.

மிச்சம் சுருக்கமாக. மான் உனக்குச் சரியாகப் பக்கவாட்டில் அல்லது தலை அந்தப் பக்கமும் பின்பக்கம் சற்று உன் பக்கமுமாகக் கோணலாக நின்றால் மட்டும் எய். உன்னை நோக்கி நின்றால் விடு. இருபது கஜத்தில் எத்தனை நன்றாக அடித்தாலும் பாதி வெளிச்சத்தில் முப்பது கஜத்துக்கு ஆசைப்படாதே. இறைச்சியைச் சாப்பிடுவதற்கு முன் சி.டபிள்யூ.டி. என்கிற, மானின் மூளையைக் கெடுக்கிற நோய்க்கான சோதனைக்குக் கழுத்து நிணநீர்க் கணுவைக் கொடு. அந்த நோய் உங்கள் மாநிலத்தில் 2002-லேயே தெரியவந்தது, வேகவைத்தாலும் அது சாகாது, மான் பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கலாம்.

உனக்கு அங்கே சாயங்காலம் ஐந்தரை என்றால் இங்கே விடிகாலை ஐந்து மணி, நான் எழுந்து உட்கார்ந்திருப்பேன். பரணிலிருந்து இறங்குவதற்கு முன், அம்பு கண்ணுக்குத் தெரிகிறதோ இல்லையோ, போன் பண்ணு. நான் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுப் பிறகு இறங்கு.

அன்புடன்,
அப்பா