கைகளுக்கு ஒரு கண்ணின் நன்றி

அன்புள்ள அக்காமாருக்கும் தங்கைமாருக்கும்,

அறுப்பின் பண்டிகையன்று திருவிருந்து மேசைமேல் கிடந்த வெள்ளை விரிப்பைப் பார்த்து, "டீச்சர் பின்னியதாம்" என்று பலரும் பாராட்டிவிட்டுப் போனார்கள். அந்தப் பேச்சில் மூன்றில் ஒரு பங்குதான் உண்மை. 63 சதுரங்களில் என்னுடையவை 22. மாடிப்படியில் வழுக்கி வலது மணிக்கட்டு முறிந்த அன்றோடு என் குரோஷா ஊசி (நுனியில் கொக்கியுள்ள பின்னல் ஊசி) நின்றுவிட்டது. மீதி 41 சதுரங்களும் உங்கள் கைவேலை. பெயர் போட்டால் சண்டைக்கு வருவோம் என்று மூன்று பேர் மிரட்டியிருப்பதால் யார் பெயரும் இங்கே இல்லை.

கோட்டாற்று அக்கா சவேரியார் கோயில் பூசை முடிந்த கையோடு வந்து உட்கார்ந்து 12 பின்னினார்கள். இடலாக்குடி அக்கா 11. நோன்பு நாட்களிலும் ஒன்றிரண்டு நகர்ந்தன. ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா, வடிவீஸ்வரத்திலிருந்து, 9. கல்லூரித் தங்கை செல்போனுக்கும் ஊசிக்கும் நடுவில் 7.

ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே மாதிரி. ஆனாலும் சதுரங்கள் ஒன்றுபோல் வரவில்லை. கை இறுக்கம் ஆளுக்கு ஆள் வேறு. ஆறு அங்குலம் இருக்கவேண்டிய சதுரம், கோட்டாற்று அக்காவின் கையில் ஆறரை அங்குலத்துக்குத் தளர்ந்து கிடந்தது. நர்ஸ் அக்காவுடையது கட்டுப்போட்டதுபோல் கச்சிதம். நானோ கையில் மாவுக்கட்டும் மடியில் அளவு நாடாவுமாக உட்கார்ந்து குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். "கண்ணானது கையைப் பார்த்து: நீ எனக்கு வேண்டுவதில்லை" என்று சொல்லக்கூடாது என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை ஞாயிறு பள்ளியில் எத்தனை வருடம் சொல்லிக்கொடுத்திருப்பேன்! அந்த இரண்டு மாதமும் நான் வெறும் கண்தான்.

இனி நன்றியோடு ஒரு மன்னிப்பும். எங்கள் தெருவில் கட்டட வேலைக்கு வந்த ஒடிசாத் தங்கை, மொழி தெரியாமலே பார்த்துப் பழகி, இரண்டு சதுரங்கள் பின்னிக் கொடுத்தாள். சிமென்ட் வேலை செய்யும் கை. இறுக்கி இறுக்கிப் போட்டதில் சதுரம் ஐந்தரை அங்குலத்தில் நின்றுவிட்டது. அன்று இரவு அவற்றில் ஒன்றை இடது கையால் பிரித்தேன். குரோஷாவில் கடைசி முடிச்சை அவிழ்த்து இழுத்தால் போதும், முழுதும் வந்துவிடும். காலையில் வந்தவள் கட்டில்மேல் சுருள் சுருளாகக் கிடந்த நூலைப் பார்த்தாள். பின்னிப் பிரித்த நூல் நேராகாது, காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றும் சொல்லாமல் அதே நூலை எடுத்து அதே சதுரத்தை மறுபடி பின்னினாள். அதே இறுக்கம்.

இந்த ஊரில் ஊசியும் நூலும் எப்படி வந்தன என்று தெரிந்த எனக்கு அது உறைத்தது. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி மால்ட் ஐயரின் மனைவி மார்த்தா அம்மையார், தம் பள்ளிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். (அது தலையணைமேல் ஊசி குத்திப் பின்னும் லேஸ், நமது குரோஷா வேறு.) திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல்தான் ஒழிந்தது, அதற்கு முன்பே லேஸ் விற்ற காசில் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்ட பெண்கள் உண்டு. மார்த்தா அம்மையாரின் மகள் எலைசா, கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்குப் போனபோது லேஸும் கூடவே போயிற்று. கூலிக்காரப் பெண்களின் கையில் வளர்ந்த கலையை வைத்துக்கொண்டு, ஒரு கூலிக்காரப் பெண்ணின் கைவேலையையா நான் பிரித்தேன்! தங்கையே, மன்னித்துக்கொள்.

வழி கண்டவர் இடலாக்குடி அக்கா. "பிரிப்பானேன் டீச்சர், கஞ்சியில் போடுங்கள்" என்றார்கள். வடிகஞ்சியில் தண்ணீர் கலந்து, எல்லாச் சதுரங்களையும் நனைத்து, ஆறு அங்குலம் கோடு போட்ட தெர்மாகோல் அட்டைமேல் இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைத்தோம். தளர்ந்தது அடங்கியது, இறுகியது விரிந்தது. முழுதாக அல்ல, உற்றுப் பார்த்தால் இது யார் கை என்று இன்றும் சொல்லிவிடலாம். இறுகியவற்றை ஓரத்தில் வைத்து இணைத்ததால் விரிப்பின் விளிம்பு சுருங்காமலும் தொங்காமலும் நிற்கிறது. ஒடிசாத் தங்கையின் இரண்டும் முன்பக்க மூலைகளில் இருக்கின்றன. குண்டூசித் துரு ஒன்று நடுவில் பழுப்பாகப் படிந்திருக்கிறது. அது என் அவசரம், வேறு யாரும் பொறுப்பல்ல.

உங்கள் ஊசிகளில் ஆறு என் வீட்டிலேயே தங்கிவிட்டன. வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மாவுக்கட்டு பிரித்தாயிற்று, காப்பி நானே போடுவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்