கண்காட்சி போதாது, பதிவேட்டை எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகளிர் தினம் வந்தால் பெண் ஓவியர்களுக்கென ஒரு தற்காலிகக் கண்காட்சி வைப்பது அருங்காட்சியகங்களுக்குப் பழகிவிட்டது. இரவல் வாங்கி மாட்டிய படங்கள் மாதம் முடிந்ததும் உரியவரிடமே திரும்பிவிடும். அருங்காட்சியகம் தனக்குச் சொந்தமான பொருள்களை எழுதிவைக்கும் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு வரிகூட ஏறியிருக்காது. பெண்களின் பங்கு எவ்வளவு என்று சொல்வது அந்தப் பதிவேடுதான்.

அமெரிக்காவின் பால்டிமோர் கலை அருங்காட்சியகம் தன் இருப்பைத் தானே எண்ணி வெளியில் சொன்னது. அப்போது இருந்த சுமார் 95,000 பொருள்களில் பெண்கள் படைத்தவை 4 சதவீதம். 2020-ஆம் ஆண்டு முழுக்கப் பெண்களின் படைப்புகளை மட்டுமே வாங்குவதாகவும் அறிவித்தது. நல்ல முடிவுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 4 சதவீதம் 5 ஆக வேண்டுமானால், ஆண்களின் படைப்பு ஒன்றையும் சேர்க்காமல் 1,000 படைப்புகள் வாங்க வேண்டும். 10 ஆக வேண்டுமானால் 6,300-க்கும் மேல். ஓராண்டு உற்சாகத்தில் முடிகிற காரியமில்லை. கொள்முதல் நிதியில் ஆண்டுதோறும் இத்தனை பங்கு என்று விதியாக எழுதிவைத்தால்தான் அந்த எண் நகரும்.

எண்ணுவதிலும் சறுக்கல் உண்டு. டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அம்ரிதா ஷெர்கில்லின் படங்கள் மட்டுமே நூறு அளவில் உள்ளன. படங்களை எண்ணினால் பெண்களின் பங்கு கௌரவமாகத் தெரியும். ஆட்களை எண்ணினால் அவ்வளவும் ஒருவர். ஆகவே படைப்புகள் தனி, கலைஞர்கள் தனி என இரண்டு எண்கள் வேண்டும். திருமணத்துக்கு முன்னும் பின்னும் வேறு பெயரில் கையெழுத்திட்டவர் இரண்டு பேராகப் பதிவாகியிருக்கலாம். முதலெழுத்து மட்டும் இருந்தால் ஆண் என்றே எடுத்துக்கொள்வது இன்னொரு கோளாறு. 1633-இல் நெதர்லாந்தின் ஹார்லெம் நகர ஓவியர் சங்கத்தில் உறுப்பினரான யூடித் லேஸ்டர் என்ற பெண்ணின் படங்கள், அதே ஊர் ஆண் ஓவியர் பிரான்ஸ் ஹால்ஸ் வரைந்தவை என்றே பல காலம் கைமாறின. இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் படமொன்றில், ஜே, எல் எழுத்துகளோடு ஒரு நட்சத்திரமும் சேர்ந்த அவருடைய முத்திரையைக் கலை வரலாற்றாளர் ஒருவர் 1893-இல் அடையாளம் கண்ட பிறகே அவர் பெயர் திரும்பி வந்தது.

பெண்களின் படைப்புகள் சுவரில் குறைவாகவே தெரிவதற்கு அதிகம் பேசப்படாத காரணம் வெளிச்சம். கலைஞர்களின் அமைப்பான லண்டன் ராயல் அகாடமியை 1768-இல் நிறுவியவர்களில் இருவர் பெண்கள். அடுத்த பெண் முழு உறுப்பினராக 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிர்வாண மாதிரியை வைத்து வரையும் வகுப்பு நெடுங்காலம் பெண்களுக்கு மூடியே கிடந்ததால், பெரிய தைலவண்ண வரலாற்றுக் காட்சிகளுக்கான பயிற்சியும் அவர்களுக்குக் கிட்டவில்லை. பலர் நீர்வண்ணம், சிற்றோவியம், பூத்தையல் பக்கம் போனார்கள். வெளிச்சத்தில் முதலில் கெடுபவை இவையே. தைலவண்ணம் 150 முதல் 200 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை தாங்கும். நீர்வண்ணத்துக்கும் சாயமிட்ட துணிக்கும் 50 லக்ஸ்தான். வெளிறிய சாயம் இருட்டில் வைத்தாலும் மீளாது. மூன்று நான்கு மாதம் மாட்டினால் பிறகு நீண்ட காலம் பெட்டிக்குள் வைக்க வேண்டும். அதனால் சொந்தமாக இருந்தும் அவை கண்ணில் படுவதில்லை. இதற்கு வழி, ஒரு சுவரிடத்துக்கு நான்கைந்து படைப்புகளை அமிலமற்ற அட்டையில் பொருத்தித் தயாராக வைத்து, காலாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது. செலவு படச்சட்டத்துக்கும் அட்டைக்கும்தான்; ஆள் போடத்தான் மனம் வருவதில்லை!

சென்னை ஓவியப் பள்ளியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் பயின்ற பெண் ஓவியர்கள் டி.கே. பத்மினியும் (1940–1969) அர்னவாஸும் நம் அரசுக் காட்சிக்கூடங்களில் எத்தனை படங்களாக இருக்கிறார்கள், அவை ஆண்டில் எத்தனை நாள் சுவரில் இருந்தன என்பதை ஆண்டறிக்கையில் அச்சிட அருங்காட்சியகத் துறை முன்வர வேண்டும்.

– ஓய்வுபெற்ற காப்பாட்சியர்கள் சிலர், சென்னை