ஜாங்கோ அப்கிரேடில் கைகொடுத்தவர்களுக்கு

எங்கள் ரத்த தானக் குழுவின் இணையதளத்தை, அது ஓடும் பைத்தான் கட்டமைப்பான ஜாங்கோவின் 3.2 பதிப்பிலிருந்து 4.2-க்கும் அங்கிருந்து 5.2-க்கும் கொண்டுவந்தாயிற்று. 3.2-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஏப்ரலோடு நின்றுவிட்டன, இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது. கூட நின்றவர்களுக்கு எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் அக்காவுக்கு. 4.2 போட்ட இரவு முகப்பு வந்தது, கொடையாளர் பட்டியல் வந்தது, என் லேப்டாப்பிலும் எல்லாம் ஓடியது, சரி முடிந்தது என்று படுத்துவிட்டேன். காலையில் அக்கா போன் செய்து, "பட்டியல் தெரியுது தம்பி, ஆனா எதையும் சேவ் பண்ண முடியல, புதுசா லாகின் பண்ணினாலும் 403-னு வருது" என்றார். 403 என்றால் சர்வர் அனுமதி மறுக்கிறது என்று அர்த்தம். வெறுமனே 'தளம் வேலை செய்யல' என்று சொல்லியிருந்தால் நான் டேட்டாபேஸைத்தான் நோண்டிக்கொண்டிருப்பேன். பார்க்க முடிகிறது, அனுப்பத்தான் முடியவில்லை என்று அவர் பிரித்துச் சொன்னதில் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, பழைய ஆபீஸ் அண்ணன். நான் அவசரத்தில், பிழை விவரங்களைப் பக்கத்திலேயே கொட்டிக் காட்டும் டீபக்கை ஆன் செய்யப் போனேன். "லைவ் சர்வர்ல வேண்டாம்டா, அத்தனை பேர் போன் நம்பர் இருக்கு" என்று தடுத்து, லாகிங்கில், எச்சரிக்கைகளை ஒரு ஃபைலில் எழுதிவைக்கும் ஃபைல் ஹேண்ட்லர் சேர்க்கச் சொன்னார். டீபக் ஆஃப் ஆக இருந்தால், நாமாக எதையும் அமைக்காதவரை, ஜாங்கோ தன் எச்சரிக்கைகளைக் கன்சோலில் காட்டாது; 403-க்கான காரணம் அதனால்தான் கண்ணிலேயே படவில்லை. ஃபைலைத் திறந்தால் ஒரே வரி, ஆரிஜின் பொருந்தவில்லை என்று. 4.0-லிருந்து சிஎஸ்ஆர்எஃப் சோதனை (வேறு தளம் நம் பயனர் பெயரில் எதையும் அனுப்பாமல் தடுப்பது), கோரிக்கை எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்று பிரவுசர் சொல்லும் ஆரிஜின் ஹெடரையும் பார்க்கிறது. பிரவுசர் எச்டிடிபிஎஸ் என்கிறது, நடுவில் நிற்கும் எஞ்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் அதை வாங்கி உள்ளே வெறும் எச்டிடிபியாகத் தருகிறது, ஜாங்கோ இரண்டும் வேறு என்று கதவைச் சாத்திவிடுகிறது. லேப்டாப்பில் இரு பக்கமும் எச்டிடிபிதான், அங்கே எப்படித் தெரியும்? வந்தது எச்டிடிபிஎஸ்தான் என்று சொல்லும் ஃபார்வர்டட் புரோட்டோ ஹெடரை எஞ்ஜின்எக்ஸை அனுப்ப வைத்து, செட்டிங்ஸில் அதை நம்பச் சொல்லும் செக்யூர் பிராக்ஸி எஸ்எஸ்எல் ஹெடரைச் சேர்த்ததும் லாகின் வந்துவிட்டது. வெளியிலிருந்து வரும் அதே ஹெடரை எஞ்ஜின்எக்ஸ் அழித்துத் தன்னுடையதை எழுதுகிறதா என்று பார்க்கச் சொன்னதும் அண்ணன்தான். அதை விட்டிருந்தால் யார் வேண்டுமானாலும் எச்டிடிபிஎஸ் என்று பொய் சொல்லலாம், பெரிய ஓட்டை.

கல்லூரிக்குப் போய்க்கொண்டே உதவிய தங்கைக்கும் நன்றி. 5.2-க்குப் போகும் முன் டெஸ்ட்களை 'டபிள்யூ ஏ' சுவிட்ச் போட்டு ஓட்டியது அவள். பைத்தான் வழக்கமாக மறைத்துவிடும் டெப்ரிகேஷன் எச்சரிக்கைகள் (இது இனி மாறும், நீக்கப்படும் என்ற முன்னறிவிப்புகள்) அப்போதுதான் கொட்டின. நேர மண்டலத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்லும் யூஸ் டீஇசட் என்ற அமைப்பு எங்கள் செட்டிங்ஸில் இல்லவே இல்லை, 5.0-ல் அதன் இயல்பு மதிப்பு ஃபால்ஸிலிருந்து ட்ரூவாக மாறிவிட்டது. நாங்கள் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் இந்திய நேரத்தை அப்படியே வைத்திருக்கிறோம். கவனிக்காமல் போயிருந்தால் ஜாங்கோ அதை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்து ஐந்தரை மணி நேரம் கூட்டி, காலை 9 மணிக்கு ரத்தம் கொடுத்தவர் மதியம் 2.30-க்குக் கொடுத்ததாகக் காட்டியிருக்கும், எந்த எரரும் வந்திருக்காது. இப்போதைக்கு ஃபால்ஸ் என்று வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறோம்.

இதையெல்லாம் ரிலீஸ் குறிப்புகளில் பொறுமையாக எழுதி வைத்த ஜாங்கோ தன்னார்வலர்களுக்கும் என் வணக்கம்.

அக்கா, நேற்றிரவு நீங்கள் பதிந்த இரண்டு பேரும் சரியான நேரத்தோடு ஏறியிருக்கிறார்கள், பார்த்துவிட்டேன்.