வார்டோவிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

இரவு 12 மணி தாண்டிவிட்டது. விளக்குப் போடாமல் ஜன்னலோரம் இருந்து எழுதுகிறேன். மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரைக்கும் இங்கே சூரியன் மறையாது. இளையவள் தலையணையால் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறாள்.

நான் வந்திறங்கிய முதல் ஊருக்கே லீவுக்கு வந்திருக்கிறோம். ஒஸ்லோவிலிருந்து கிர்கெனெஸ் வரை விமானம், பிறகு கப்பலில் மூன்று மணி நேரம். நோர்வேயின் கிழக்குக் கோடியில் உள்ள தீவு இது. கடலுக்கு அடியால் கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் சுரங்கப் பாதை போகிறது, 1982இல் திறந்தது. ஊரில் சத்தம் என்றால் கடற்பறவைகளின் சத்தம்தான். ஜன்னல் விளிம்பில்கூடக் கூடு கட்டியிருக்கின்றன.

1988இல் "மீன் கம்பனியில் வேலை, சுகமாக இருக்கிறேன்" என்று மட்டும் எழுதினேன். என்ன வேலை என்று சொல்லவில்லை. அடியில் விளக்கெரியும் ஒரு மேசை, அக்கா. அதில் மீன் துண்டை வைத்தால் சதை கண்ணாடி மாதிரித் தெரியும். உள்ளே சுருண்டிருக்கும் புழுவைக் கத்தி முனையால் கிளறி எடுக்க வேண்டும், அப்புறம் முள். எட்டு மணி நேரம் நின்றபடி. கையுறைக்குள் விரல் விறைத்து, கத்தி பிடித்திருக்கிறேனா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரியும். வெளியே வந்தால் இரண்டு மாதத்துக்குச் சூரியனே இல்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் அழுவா என்று மறைத்தேன். பக்கத்து மேசையில் நின்ற நோர்வேக்காரி கம்பளிக் காலுறை பின்னித் தந்தா. இன்று அவவின் வீட்டில்தான் சாப்பிட்டோம். 80 வயது தாண்டியும் என் பெயரை மறக்கவில்லை.

அவவின் காரை வாங்கிக்கொண்டு ஹம்னிங்பெர்க் போனோம். ஏறக்குறைய 40 கிலோமீட்டர், பனிக்காலத்தில் மூடிவிடும் பாதை. இரண்டு பக்கமும் பாறைகள் கத்தி கத்தியாக நிற்கின்றன. பாதை முடியும் இடத்தில் ஊர். 1944இல் ஜெர்மன்காரர் பின்வாங்கும்போது இந்த மாகாணத்தையே கொளுத்திவிட்டுப் போனார்கள், இந்த ஊர் தப்பியது. ஆனால் பெரிய படகுகளுக்கு ஏற்ற துறைமுகம் இல்லாததால் 1960களில் சனம் வெளியேறிவிட்டது. இப்போது கோடையில் மட்டும் வந்து தங்குகிறார்கள். நூறு வருட மரவீடுகள் அப்படியே நிற்கின்றன, ஜன்னல் திரைச்சீலையோடு.

கரையில் ஒரு கல்லில் இருந்தபோது யாழ்ப்பாணத்தில் நம் ஊர் மயிலிட்டியின் நினைவுதான். 1990இல் சண்டையால் நீங்கள் வெளிக்கிட்டு, 2017இல் திரும்பிப் போனபோது வீடு இருந்த இடமே தெரியவில்லை என்று எழுதினீர்கள். அந்தக் கடிதத்தை இளையவளுக்கு அங்கே வைத்துச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த அமைதிக்காகத்தான் வந்தேன் போலிருக்கிறது. காற்று, அலை, வேறொன்றுமில்லை. இத்தனை வருடத்தில் நெஞ்சு இப்படி இளகியதில்லை.

வார்டோவில் கருவாட்டுப் பந்தல்களும் பார்த்தோம். ஆளுயரத்துக்கு மேல் மரச்சட்டம் கட்டி, தொர்ஸ்க் என்ற கொட் (cod) மீனை வாலில் இரண்டு இரண்டாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். உப்பே கிடையாது. குளிர்காற்றே காயவைத்துவிடும். மாசி பங்குனியில் ஏற்றினால் வைகாசி வாக்கில் இறக்குவார்கள், அதனால் இப்போது தலைகள் மட்டும் மிஞ்சித் தொங்கின. தலைகளை நைஜீரியாவுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். நீங்கள் வாடியில் பாய் விரித்து, வெயிலும் உப்புமாகப் புரட்டுவதை இளையவளுக்கு விளக்கினேன். "உப்பில்லாமல் எப்படிப்பா கெடாமல் இருக்கு?" என்று மூக்கைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். கட்டைபோல இருக்கும், தட்டினால் விறகுச் சத்தம்.

நத்தாருக்கு வரும்போது இரண்டு மீன் கொண்டுவருகிறேன். கல்லில் வைத்து நன்றாக அடித்து, ஒரு கிழமை தண்ணீரில் ஊறப்போட வேண்டும். தண்ணீரை நாளுக்கு ஒருதரம் மாற்ற வேண்டும். அத்தானிடம் சொல்லி ஒரு பெரிய பானை எடுத்து வையுங்கள். குழம்பு நீங்கள்தான் வைக்க வேண்டும்.

அன்புடன்,
தம்பி