எங்கள் பழைய லோடு ஜீப்பை ஓட வைத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

மேட்டூர் திறந்து, குறுவைக்கு விதைநெல் ஏற்றும் நேரம் பார்த்து, தாத்தா காலத்து வில்லிஸ் பிக்கப் நீடாமங்கலத்தை ஒட்டிய மூணாறு தலைப்புப் பக்கம் மக்கர் செய்து நின்றது. அன்று தள்ளிவிட்டவர்கள், மூட்டைகளைத் தங்கள் டிராக்டரில் மாற்றி ஏற்றிக்கொண்டு போனவர்கள், எல்லோருக்கும் முதலில் நன்றி. பாதிப் பேரின் முகம்கூடச் சரியாகத் தெரியாது. அதனால்தான் பொதுவில் இந்த மடல்.

வண்டியின் கோளாறு விசித்திரமானது. காலையில் சோக்கை (எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் இழுவையை) முழுக்க இழுத்தால் உடனே பிடித்துக்கொள்ளும். சூடான பிறகு சோக்கை உள்ளே தள்ளினால் விக்கும், பெட்ரோலையும் காற்றையும் கலந்து விடும் கார்ப்ரேட்டரின் வாய் வழியே 'டப்' என்று திருப்பி அடிக்கும், அணைந்துவிடும். பாதி இழுத்து வைத்தால் மட்டும் ஓடும். பார்த்தவர் எல்லாரும் சோக்கைத்தான் குறை சொன்னார்கள். கேபிள் மாற்றியாயிற்று. 'இதே வண்டிக்கு உள்ளதுதான்' என்று ஒரு கடையில் தந்த ரிப்பேர் கிட்டில் கேஸ்கெட் (இடுக்கை அடைக்கும் தாள்) ஓட்டைகூடப் பொருந்தவில்லை, அதை விடுங்கள்.

நீடாமங்கலத்து டிரைவர் ஐயா, உங்களுக்குத்தான் பெரிய கும்பிடு. பெட்ரோல் எஞ்சின் லாரி ஓட்டிய அனுபவம் உள்ள ஆள் இன்று எத்தனை பேர்? "சோக்கு போட்டாத்தான் ஓடுதுன்னா சோக்கு நல்லா இருக்குன்னு அர்த்தம் தம்பி. ஒண்ணு பெட்ரோல் பத்தல, இல்ல காத்து எங்கேயோ கூடுதலா போவுது" என்றீர்கள். அதோடு பாதி வேலை முடிந்தது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். சோக் தட்டு மூடினால் காற்று குறைந்து பெட்ரோல் பங்கு கூடும். ஏற்கெனவே பெட்ரோல் போதாத எஞ்சின் அதை வைத்துத்தான் உயிர் பிழைத்துக்கொண்டிருந்தது.

வண்டியின் பெட்ரோல் பம்பிலிருந்து வரும் குழாயைக் கழற்றி பாட்டிலில் விட்டுப் பார்த்தோம். பெட்ரோல் நன்றாகவே பீய்ச்சியது. கார்ப்ரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் மட்டும் செந்நிறச் சேறு, டேங்க் துரு. பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைக் கம்பியால் குத்தப் போன பையனின் கையை ஐயா பிடித்துக்கொண்டார். பித்தளை ஓட்டை ஒரு மயிரிழை பெரிதானாலும் பெட்ரோல் அளவு மாறிவிடுமாம். சைக்கிள் கடைத் தம்பி காற்றடிக்கும் பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஊதித் தந்தார். காசு கொடுத்தபோது முறைத்தார்.

அப்படியும் கொஞ்சம்தான் தேறியது. பிறகு ஐயா செய்ததை நான் மறக்க மாட்டேன். ஸ்லோ ஸ்பீடில் வண்டி தள்ளாடிக்கொண்டிருக்க, தையல் மெஷின் எண்ணெய்க் குப்பியை எடுத்து, ஆக்சிலேட்டர் ஷாஃப்ட் (அதை மிதித்தால் திரும்பும் தண்டு) கார்ப்ரேட்டருக்குள் நுழையும் இடத்தில் இரண்டு சொட்டு விட்டார். உடனே சத்தம் சமமானது. எண்ணெய் உள்ளே இழுபட்டதும் மறுபடி தள்ளாட்டம். ஷாஃப்ட் தேய்ந்து, பக்கவாட்டு இடுக்கில் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. விரலால் ஆட்டியபோது அது ஆடியது எனக்கே தெரிந்தது.

கும்பகோணம் லேத் பட்டறை அண்ணனுக்கு அடுத்த நன்றி. புது கார்ப்ரேட்டர் வாங்கச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஷாஃப்ட் துளையை ரீமர் போட்டுப் பெரிதாக்கி, பித்தளை புஷ் (உள்வளையம்) கடைந்து இறக்கிக் கொடுத்தீர்கள். கும்பகோணத்தில் பித்தளைக்கா பஞ்சம்! கார்ப்ரேட்டரின் அடிப்பாகம் வளைந்திருப்பதையும் நீங்கள்தான் கண்டீர்கள். கண்ணாடிப் பலகை மேல் எமரி தாளை விரித்து, சிறுகச் சிறுகத் தேய்த்துச் சமப்படுத்தி, புது கேஸ்கெட்டும் வெட்டித் தந்தீர்கள். ஸ்க்ரூவை அளவுக்கு மீறி முறுக்கினால் மறுபடி வளையும் என்று எச்சரித்தீர்களே, ஸ்பேனரைத் தொடும்போதெல்லாம் அது ஞாபகம் வருகிறது.

எஞ்சின் ஆயிலை முகர்ந்து பார்க்கச் சொன்ன பங்க் அண்ணனையும் விட்டுவிடக் கூடாது. பெட்ரோல் நாற்றம் குப்பென்று அடித்தது. சோக்கை இழுத்தே ஓட்டினால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஆயில் மாற்றியாயிற்று. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலந்து வருவதால், அதைத் தாங்காத பெட்ரோல் பம்பின் பழைய ரப்பர் டயாஃபிரத்தையும் அவர் சொன்னபடி மாற்றிவிட்டேன்.

வேலை நடந்த நாளெல்லாம் மோரும் சுண்டலும் அனுப்பிய எதிர்வீட்டு அத்தைக்கும் நன்றி. வண்டி உறுமும்போதெல்லாம் அவர் திட்டியதையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறேன்.

இப்போது சூடானதும் சோக் முழுக்க உள்ளே போகிறது. நாற்றுக்கட்டுகளோடு மன்னார்குடி வரை போய் வந்தாயிற்று. லேத் அண்ணன் கூடுதலாகக் கடைந்து கொடுத்த ஒரு ஜோடி புஷ் என்னிடம் சும்மா கிடக்கிறது. இதே எஞ்சினை வைத்துக்கொண்டு திண்டாடுபவர் யாரேனும் இருந்தால், கார்ப்ரேட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு வாருங்கள், பொருத்திப் பார்க்கலாம்.

நன்றியுடன்,
நீடாமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவன்