நிறை பார்க்கும் நாளில் கண்ணையும் பாருங்கள், மிஸ்

திருகோணமலை மாவட்டத்தின் தாய்சேய் கிளினிக்குகளில் பணிபுரியும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு,

வணக்கம். நான் உப்புவெளியில் இருக்கும் ஒரு தாய். என் மகளுக்கு ஐந்து வயது. வலது பக்கம் இருப்பது செயற்கைக் கண்.

ஒன்பது மாதப் பிள்ளையாக இருந்தபோது, விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கண்மணி பூனைக்கண் போல மின்னியது. அம்மம்மா கண்ணூறு கழித்தார். பிறகு கண் கொஞ்சம் விலகத் தொடங்கியது. மாறுகண் அதிர்ஷ்டம் என்றார்கள் அயலில். ஓரிடத்தில் காட்டிக் கேட்டேன். வளர வளரச் சரியாகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நானும் நம்பினேன். முதலாவது பிறந்தநாளுக்கு ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் வழக்கம்போலச் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் இருந்தது. அப்புறம்தான் கொழும்புக்கு ஓடினோம்.

ரெட்டினோபிளாஸ்டோமா என்றார்கள். விழித்திரையில் வரும் புற்றுநோய். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே வந்துவிடும். 15,000 முதல் 20,000 வரையான பிறப்புகளில் ஒரு பிள்ளைக்குத்தான் வருகிறதாம். உங்கள் சேவைக்காலம் முழுவதிலும் ஒன்றைக்கூட நீங்கள் காணாமல் இருக்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கண்ணை எடுக்க வேண்டும் என்றபோது நாங்கள் உடனே சம்மதிக்கவில்லை. பெண்பிள்ளை, முகம் என்னாகும் என்று அவளுடைய அப்பா அழுதார். கட்டி கண்ணுக்குள் இருக்கும்போதே எடுத்தால் பிள்ளை பிழைத்துவிடும், பார்வை நரம்பு வழியாக மூளைக்குப் போனால் கஷ்டம் என்று டொக்டர் ஒரு தாளில் கீறிக் காட்டிய பிறகே கையெழுத்து வைத்தோம். எடுத்த கண்ணைப் பரிசோதித்ததில் அது நரம்புக்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. ஆகவே மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலையில் கீமோ. வின்கிறிஸ்டின், எட்டோபோசைட், கார்போபிளாட்டின் என்று மூன்று மருந்துகள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாக ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் இரவு ரயில், மடியில் வாந்தி எடுக்கும் பிள்ளை. இடையில் காய்ச்சல் வந்தால் நேரம் பார்க்காமல் வார்டுக்கு ஓட வேண்டும், வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்.

கட்டி சிறிதாக இருக்கும்போதே பிடித்தால் கீமோவால் சுருக்கி, லேசராலோ உறைய வைத்தோ அழித்துக் கண்ணையே காப்பாற்ற முடிகிறது. கண் மின்னியதற்கும் அந்தப் பிறந்தநாளுக்கும் இடையில் போன மூன்று மாதத்தை நான் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே, மிஸ், நிறை பார்க்கும்போது பிள்ளையின் இரண்டு கண்களையும் ஒருமுறை பாருங்கள். படத்தில் வெள்ளையாகத் தெரிகிறது என்று ஒரு தாய் சொன்னால், அந்தக் கிழமையே கண் கிளினிக்குக்குக் கடிதம் கொடுங்கள். ஒன்றுமில்லை என்று வந்தால் ஒரு பஸ் பயணம்தான் வீண். ஐந்து பேரில் இருவருக்கு இது பிறப்பிலேயே மரபணுவில் இருக்கிறது. அதனால் வீட்டில் ஒருவருக்கு வந்திருந்தால் தம்பி தங்கையைப் பிறந்தவுடனேயே அனுப்புங்கள்.

அந்தப் பிறந்தநாள் படம் இன்னும் என் கைத்தொலைபேசியில் இருக்கிறது. எந்தக் கிளினிக் நாளுக்குக் கூப்பிட்டாலும் கொண்டுவந்து தாய்மாருக்குக் காட்டுகிறேன். மகளும் வருவாள்.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து ஒரு அம்மா