எக்ஸ்சேஞ்ச் ஆபீஸ் பொறுப்பை எடுத்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நம் பிள்ளைகள் ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படித்துவரவும், அங்கிருக்கிற பிள்ளைகள் இங்கே வரவும் ஏற்பாடு செய்கிற மாணவர் பரிமாற்ற அலுவலகத்தை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், ரொம்ப சந்தோஷம். போனில் பேசிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் திருச்சியிலும் கும்பகோணத்திலும் திருவாரூரிலும் இதே பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் உதவட்டும் என்று எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதிவிடுகிறேன்.

பெயர்தான் வெளிநாட்டுத் தொடர்பு. வேலை முக்கால்வாசி நம் வளாகத்துக்குள்தான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஆள் இருப்பார்கள், மெயில் போட்டால் பதில் வரும். தேர்வுப் பிரிவு, துறைத்தலைவர்கள், கணக்குப் பிரிவு, ஹாஸ்டல் வார்டன், இவர்கள் உன்னோடு நிற்காவிட்டால் நீ அவர்களோடு எத்தனை எம்ஓயு (புரிந்துணர்வு ஒப்பந்தம்) போட்டாலும் ஒரு பிள்ளைகூட நிம்மதியாகப் போய் வர முடியாது. அதனால் முதல் வருடம் புதிதாக ஒரு எம்ஓயுவும் போடாதே. ஏற்கெனவே போட்டு அலமாரியில் இருப்பதை எல்லாம் எடுத்து, எதில் பிள்ளைகள் உண்மையாகவே போனார்கள், எதில் அங்கிருந்து வந்தார்கள் என்று பார். அப்படி உயிரோடு இருப்பது இரண்டோ மூன்றோதான் இருக்கும். அவற்றை மட்டும் பிடித்துக்கொள்.

அங்கே படித்ததை இங்கே எப்படிக் கணக்கில் எடுப்பது என்கிற கிரெடிட் விஷயத்தை முதலில் முடித்துவிட வேண்டும். ஐரோப்பாவில் ஒரு வருடத்துக்கு 60 இசிடிஎஸ் (அங்கத்திய கிரெடிட்), செமஸ்டருக்கு 30. ஒரு இசிடிஎஸ் என்பது வகுப்பு, அறையில் உட்கார்ந்து படிப்பது, தேர்வு எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நம் கணக்கோ வகுப்பு நேரத்தை வைத்து. வாரம் ஒரு மணி நேர வகுப்பு செமஸ்டர் முழுக்க நடந்தால் 1 கிரெடிட். இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று என்று போடவே முடியாது. அங்கே முழு செமஸ்டர் படித்தால் இங்கே முழு செமஸ்டர், அதுதான் நியாயம். ஆனால் துறைத்தலைவர் பாடத்திட்டத்தை விரித்து வைத்துக்கொண்டு, "நம்ம அஞ்சாவது யூனிட் அவங்ககிட்ட இல்லையே" என்பார். அங்கே விட்டுக்கொடுக்காதே. முக்கியமான ஒன்றிரண்டு பாடத்தை மட்டும் பொருத்திப் பார்க்கலாம், மற்றதை எலெக்டிவ் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று பேசி, பாடத்திட்டக் குழுவான போர்டு ஆஃப் ஸ்டடீஸில் வைத்து, பிள்ளை விமானம் ஏறுவதற்கு முன்னால் கையெழுத்து வாங்கிவிடு. திரும்பி வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தப் பிள்ளை ஜூனியர்களோடு உட்கார்ந்து அரியர் மாதிரி எழுத வேண்டிவரும். போய்வந்ததற்குக் கிடைத்த தண்டனை அது, அதைப் பார்த்த அடுத்த பேட்ச்சில் யாரும் விண்ணப்பிக்க மாட்டார்கள். நீ தன்னாட்சி நிறுவனத்தில் இருப்பதால் இதை உள்ளேயே முடிக்கலாம், இணைப்புக் கல்லூரியில் இருப்பவர்கள் பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்க வேண்டும்.

மதிப்பெண்ணும் அப்படியே. ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 வரை பாஸ், 5.0 ஃபெயில். நல்லாப் படிக்கிற ஒரு பெண் 1.3 வாங்கிக்கொண்டு வந்தாள், எக்ஸாம் செல்லில் அதைப் பத்துக்கு 1.3 என்று பதிந்துவிட்டார்கள். அவளுடைய மொத்தச் சராசரியான சிஜிபிஏ சரிந்து, கம்பெனிக்காரர்கள் வைத்த கட்டாஃபுக்குக் கீழே போய், அதைத் திருத்துவதற்குள் நேர்முகத் தேர்வுகள் முடிந்துவிட்டன. அவள் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. எந்த நாட்டு மதிப்பெண்ணை எப்படி மாற்றுவது என்று ஒரு பக்க அட்டவணை போட்டு, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் கையெழுத்தோடு அந்தப் பிரிவின் சுவரிலேயே ஒட்டச் சொல்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022இல் கொண்டுவந்த ட்வின்னிங், ஜாயிண்ட் டிகிரி, டூயல் டிகிரி விதிகளை இதோடு சேர்த்துக் குழப்புவார்கள். அது பட்டத்தையே பங்கு போட்டுக்கொள்கிற ஏற்பாடு. அதற்கு கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடுகிற நாக் (NAAC) அமைப்பின் மதிப்பெண் 3.01, இல்லையென்றால் மத்திய அரசின் தரவரிசையான என்ஐஆர்எஃப் பல்கலைக்கழகப் பட்டியலில் முதல் 100 என்றெல்லாம் தகுதி கேட்பார்கள். ஒரு செமஸ்டர் போய் வருவது வேறு விஷயம், யாராவது அந்த விதியைக் காட்டித் தடுத்தால் நிதானமாக விளக்கு.

எந்தப் பருவத்தில் அனுப்புவது என்பதிலும் நிறைய யோசிக்க வேண்டியிருக்கிறது. ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்கும், நம் பிள்ளைக்கு அப்போது நவம்பர் தேர்வு பாக்கி. கோடை செமஸ்டர் ஏப்ரலில் தொடங்கி வகுப்புகள் ஜூலை வரை போகும், அது நம்முடைய இரண்டு செமஸ்டரையும் கடித்துவிடும். பிரான்ஸ் மாதிரி செப்டம்பரிலும் ஜனவரியிலும் தொடங்குகிற இடங்கள் நமக்கு ஓரளவு ஒத்துவரும். பொறியியல் பிள்ளைகளுக்கு நான் சொல்வது எட்டாவது செமஸ்டர்தான். பெரும்பாலும் புராஜெக்ட் மட்டும்தான் இருக்கும், அங்கே ஒரு ஆய்வகத்தில் செய்யலாம், பாடத்துக்குப் பாடம் பொருத்துகிற சண்டையே வராது. வேலைக்கான நேர்முகத் தேர்வுகளும் பெரும்பாலும் அதற்குள் முடிந்திருக்கும்.

இப்போது பணம். இதைத்தான் நான் உனக்கு அழுத்திச் சொல்ல நினைத்தேன். ஜனவரியில் போக வேண்டிய பிள்ளைக்கு அக்டோபர், நவம்பரில் விசா காகிதங்கள் தயாராக வேண்டும், வங்கியில் இருப்பு காட்ட வேண்டும். ஜெர்மனி என்றால் மாதாமாதம் ஒரு அளவுக்கு மட்டும் எடுக்க முடிகிற பிளாக்டு அக்கவுண்டில் மாதத்துக்கு 992 யூரோ என்று கணக்கு, வருடத்துக்கு 11,904. ஆனால் அந்த மாதங்களில் ஒரத்தநாட்டிலும் மன்னார்குடியிலும் நீடாமங்கலத்திலும் இருக்கிற ஒரு விவசாயி வீட்டில் பணம் எங்கே இருக்கும்? சம்பா நட்டு, உரம் போட்டு, எல்லாம் வயலில் இருக்கும், நகை கூட்டுறவு வங்கியில் இருக்கும். அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்டு, கையில் காசு வர தை, மாசி ஆகிவிடும். செப்டம்பரில் போவது என்றால் ஜூனிலேயே காகித வேலை, அது மேட்டூர் திறந்து குறுவைக்குச் செலவு தொடங்குகிற நேரம். இரண்டு பக்கமும் அடி. உதவித்தொகை கிடைத்தாலும் பல இடங்களில் போய்ச் சேர்ந்த பிறகுதான் கணக்கில் ஏறும், டிக்கெட், விசா கட்டணம், காப்பீடு, முதல் மாத வாடகை எல்லாம் முன்னாலேயே கட்ட வேண்டும். இந்த இடைவெளியில்தான் நம் பிள்ளைகள் "இல்ல மேம், வீட்ல வேண்டாம்னுட்டாங்க" என்று சொல்லிப் பின்வாங்குவார்கள். வீட்டில் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள், தம்பி. பணம் இல்லை என்று சொல்ல அந்தப் பிள்ளைக்குக் கூச்சம். கணக்குப் பிரிவோடு பேசி ஒரு முன்பண நிதி ஏற்பாடு செய். உதவித்தொகை வந்ததும் திருப்பிக் கட்டட்டும்.

1914இல் ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குப் போனபோது சென்னைப் பல்கலைக்கழகம் வருடத்துக்கு 250 பவுண்டு கொடுத்தது, அதில் 50 பவுண்டு ஊரில் இருக்கிற குடும்பத்துக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். கும்பகோணத்தில் அவரை நம்பி ஒரு வீடு இருக்கிறது என்று அப்போதே யோசித்திருக்கிறார்கள். நாம் இன்னும் பிள்ளையின் டிக்கெட்டையே யோசிக்காமல் இருக்கிறோம்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும் பார்த்து நட. பத்து நிமிஷம் ஆங்கிலத்தில் பேசவிட்டுத் தேர்ந்தெடுத்தால் வருடா வருடம் நகரத்துப் பள்ளியில் படித்த அதே மாதிரிப் பிள்ளைகள்தான் போவார்கள். அவர்கள் போகட்டும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பரிமாற்ற இடம் யாருக்கு அதிகம் தேவை? அதில் போகாவிட்டால் வேறு எந்த வழியிலும் போக முடியாத பிள்ளைக்கு. அங்கே எந்தப் பாடம் எடுப்பேன், ஏன், திரும்பி வந்து என்ன செய்வேன் என்று இரண்டு பக்கம் எழுதி வாங்கி, துறை ஆசிரியர்களோடு உட்கார்ந்து படி. ஆங்கிலத் தேர்வுக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுத்தால் சரிசெய்துவிடலாம்.

பாஸ்போர்ட்டில் பெயர் விஷயத்தை முதல் வருடத்திலேயே பார். மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் இடத்தில், சில பேருக்கு அந்த இடமே காலி. சர்நேம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் பிள்ளையின் பெயரை அந்த இடத்தில் தள்ளிவிட்டு, முன்பெயர் இடத்தில் எஃப்என்யு (முன்பெயர் தெரியவில்லை) என்று போட்டுவிடுவார்கள். அப்புறம் டிக்கெட்டில் ஒரு பெயர், அட்மிஷன் கடிதத்தில் இன்னொரு பெயர் என்று அலைச்சல்தான்.

பரிமாற்றம் என்றால் நம் பிள்ளை இங்கே கட்டணம் கட்டி அங்கே படிக்கிறான், அவர்கள் பிள்ளை அங்கே கட்டிவிட்டு இங்கே வருகிறான். இந்தக் கணக்கு ரொம்ப நாள் ஒரு பக்கமே சாய்ந்திருந்தால் அவர்கள் நமக்கான இடத்தைக் குறைத்துவிடுவார்கள். ஆகையால் அங்கிருந்து ஆட்கள் வரும்படி செய்வதும் உன் வேலைதான். டெல்டாவை விட நல்ல வகுப்பறை எங்கே இருக்கிறது, சொல். கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் பிரிகிற இடம், ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், சுவாமிமலை வார்ப்புப் பட்டறைகள், சரசுவதி மகால் ஓலைகள், 2018 கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கத்துத் தோப்புகள். தரங்கம்பாடிக்கு 1706இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கியதிலிருந்து ஜெர்மனியின் ஹாலே நகரத்தோடு நமக்கு ஒரு தொடர்பு இருக்கிறது, இங்கிருந்து போன தமிழ் ஓலைகள் இன்றும் அங்கே பிராங்கே அறக்கட்டளையில் இருக்கின்றன. இதையெல்லாம் சேர்த்து ஜனவரி முதல் மார்ச் வரை, மழை விட்டு வெயில் ஏறுவதற்குள், களப்பணியோடு ஒரு பாடம் வடிவமை. வருகிறவர்களுக்கு ஹாஸ்டலில் ஒழுங்கான அறை, காரம் குறைத்த சாப்பாடு, வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை ஆன்லைனில் ஏற்றுவது, 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகமான எஃப்ஆர்ஆர்ஓவில் பதிவு, இதெல்லாம் வார்டனோடு சேர்ந்து நீ நேரில் நின்று பார்க்க வேண்டியவை.

பெற்றோரைக் கட்டாயம் வரவழை, குறிப்பாக அம்மாக்களை. அவர்கள் கேட்கிற கேள்விகள்தான் சரியான கேள்விகள்: எங்கே தங்குவாள், யார் சமைப்பது, உடம்பு முடியாவிட்டால் யாரைக் கூப்பிடுவது. ஏற்கெனவே போய்வந்த ஒரு பெண்ணைத் தமிழில் பதில் சொல்லச் சொல்.

ஜனவரி பருவத்துக்கான நாமினேஷன், அதாவது நாம் தேர்ந்தெடுத்த பிள்ளைகளின் பெயரை அங்கே அனுப்புவது, பல இடங்களில் செப்டம்பர், அக்டோபரோடு முடிந்துவிடும், அதனால் ஜூலையிலேயே அறிவிப்பை ஒட்டிவிடு. தமிழிலும் எழுது, பிள்ளைகள் அதைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். கிரெடிட் அட்டவணையோடு தேர்வுப் பிரிவுக்குப் போகிற அன்றைக்கு முன்கூட்டியே சொல், நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய டீச்சர்